துணைக்கான நீண்டகால வருகை அனுமதி மறுக்கப்பட்ட பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர்க் குடிமக்களின் திருமணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் துணை வெளிநாட்டவர். நம் குடும்பங்களில் அந்தத் துணை பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருகிறார். சிலர் இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறார்கள். திருமணம் முடிந்து, அவரை இங்கே வைத்துக்கொள்ள ‘எல்டிவிபி’ எனப்படும் நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பித்து, மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் ‘இயலவில்லை’ என்று இரண்டு வரியில் பதில் வந்தவர்களுக்காக இந்தப் பக்கம். கேள்விகள் வழக்கமாக எழும் வரிசையிலேயே இருக்கின்றன.

மறுப்புக் கடிதத்தில் காரணமே போடவில்லை. என்ன தப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம், அதாவது நாம் ஐசிஏ என்று சொல்லும் ஆணையம், தனித்தனி விண்ணப்பங்களுக்கான காரணத்தைச் சொல்வதில்லை. தொலைபேசியில் கேட்டாலும் முகப்பில் போய் நின்றாலும் பதில் அதேதான். ஆனால் எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்பதைப் பொதுவில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்: திருமணம் சட்டப்படி செல்லுமா, உண்மையான திருமணமா, எத்தனை காலமாக நீடிக்கிறது, ஸ்பான்சர் செய்பவரால், அதாவது விண்ணப்பத்துக்குப் பொறுப்பேற்கும் சிங்கப்பூர்த் துணையால், குடும்பத்தைத் தாங்க முடியுமா, இருவரின் நடத்தையும் பதிவுகளும் எப்படி, பிள்ளைகள் உண்டா.

கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து, பழைய விண்ணப்பத்தின் நகலை எதிரே வைத்துக்கொண்டு, இந்த ஒவ்வொன்றுக்கும் நாம் என்ன காட்டினோம் என்று பாருங்கள். நம்மைத் தெரியாத ஓர் அதிகாரி அந்தத் தாள்களை மட்டும் வைத்து என்ன முடிவுக்கு வருவார் என்று யோசியுங்கள். பெரும்பாலான வீடுகளில் அரை மணி நேரத்துக்குள் பலவீனமான இடம் தெரிந்துவிடும். ‘நாங்க நல்ல குடும்பம், எங்களுக்கு ஏன் மறுத்தாங்க’ என்ற வேதனை நியாயமானது. ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. ஒரு நாள் தள்ளிப்போட்டு உட்காருங்கள்.

நகல் எடுத்து வைக்கவில்லையா? நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். இந்த முறை ஒவ்வொரு பக்கத்தையும் சேமித்துக்கொள்ளுங்கள்.

அப்பீல் போடுவதா, புதிதாக விண்ணப்பிப்பதா?

மறுப்பு வந்து அதிக நாள் ஆகவில்லை, அப்போது விடுபட்ட ஓர் ஆவணம் இப்போது கையில் இருக்கிறது அல்லது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒரு விஷயத்தைத் தெளிவாக்க முடியும் என்றால் அப்பீல். சூழ்நிலையே மாறியிருந்தால், உதாரணமாக நிரந்தர வேலை கிடைத்தது, பிள்ளை பிறந்தது என்றால், புதிய விண்ணப்பம்.

இரண்டிலும் பலன் தராத ஒன்று, அதே தாள்களை அப்படியே மறுபடி அனுப்புவது. ‘தயவுசெய்து கருணை காட்டுங்கள்’ என்று உருக்கமாக நான்கு பக்கம் எழுதி, புதிதாக ஒரு தாளும் இணைக்காமல் அனுப்புகிறவர்கள் ஏராளம். உருக்கம் உண்மைதான், எனக்கும் புரிகிறது. அதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு மற்ற இடத்தை மாறியதைக் காட்டப் பயன்படுத்துங்கள். விண்ணப்பக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. அதைவிட, ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் மாதங்கள் திரும்பக் கிடைக்காது.

எவ்வளவு சம்பளம் இருந்தால் கொடுப்பார்கள்?

ஆணையம் தொகை எதையும் வெளியிடவில்லை. காப்பிக் கடையில் ஒருவர் ஒரு தொகை சொல்வார், சொந்தக்காரர் இன்னொன்று சொல்வார். இரண்டையும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நடைமுறையில், தொகைக்கு அடுத்தபடி பெரிய சிக்கல் வருமானத்துக்கு எழுத்துச் சான்று இல்லாதது. நம்மில் பலர் கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குகிறார்கள். உணவுக்கடை, பூக்கடை, லாரி, வீட்டுச் சாமான் மாற்றும் வேலை என்று உழைப்பு நிஜமாகவே இருக்கும். ‘மசேநிதி’ எனப்படும் மத்திய சேம நிதியின் (ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பு) பதிவில் அது இருக்காது. மாதம் 50 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்கும் குடிமகனுக்கு முதலாளி மசேநிதி கட்ட வேண்டும் என்பது சட்டம். கட்டவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். முதலாளி மறுத்தால் மசேநிதிக் கழகத்திடம் புகார் செய்யலாம்.

சொந்தத் தொழில் செய்பவர்கள் வருமானத்தை ஒழுங்காகக் கணக்குக் காட்டி, உள்நாட்டு வருவாய் ஆணையத்திடமிருந்து வரி மதிப்பீட்டு அறிக்கை பெற்றிருக்க வேண்டும். வரியைக் குறைக்க வருமானத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு, இங்கே ‘உண்மையில் இரண்டு மடங்கு சம்பாதிக்கிறேன்’ என்று சொல்ல முடியாது. தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்கள், உணவு விநியோகிப்பவர்கள் போன்ற இணையத்தள ஊழியர்களுக்கு 2025 ஜனவரி முதல் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது: 1995 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குக் கூடுதல் மசேநிதிச் சந்தா கட்டாயம், அதற்கு முன் பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம். மாதாமாதம் பதிவாகும் சந்தா வருமானத்துக்கு நல்ல சான்று. அந்தக் கோணத்திலும் யோசித்து முடிவெடுங்கள்.

விண்ணப்பத்துக்கு முதல் வாரம் வங்கியில் பெரிய தொகையைப் போட்டு வைப்பது வேண்டாம். எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் அதனால் எழும். புது வேலைக்கு மாறியிருந்தால் சில மாதச் சம்பளச் சீட்டுகள் சேரும்வரை பொறுங்கள். அப்பா அம்மாவுக்கு வருமானம் இருக்கிறது, ஒரே வீட்டில் இருக்கிறோம் என்றால் அதையும் கடிதமாகச் சேர்க்கலாம். ஆனால் அது ஸ்பான்சரின் சொந்த வருமானத்துக்குப் பதிலாக நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எங்களுடையது பெரியவர்கள் பார்த்துச் செய்த திருமணம். கல்யாணத்துக்கு முன் நேரில் அதிகம் பழகவில்லை. ‘பொய்க் கல்யாணம்’ என்று நினைப்பார்களோ?

இந்தக் கவலைக்குக் காரணம் இருக்கிறது. அனுமதி வாங்குவதற்காகவே செய்யும் போலித் திருமணம் 2012 முதல் குடிநுழைவுச் சட்டத்தில் தனிக் குற்றம்: 10,000 வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவரும், ஏற்பாடு செய்தவரும், பயன் பெற்றவரும் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். அதனால் அதிகாரிகள் கவனமாகப் பார்க்கத்தான் செய்வார்கள்.

பெரியவர்கள் பார்த்துச் செய்த திருமணத்தில் காதல் திருமணத்துக்கான சான்றுகளைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் திருமணம் எப்படி நடந்ததோ அதற்குரிய சான்றுகள் இருக்கும். ஜாதகம் பார்த்தது, பெண் பார்க்க இரு வீட்டார் போனது, நிச்சயதார்த்தம், இரு குடும்பத்தின் பெயரும் அச்சிட்ட பத்திரிகை, மண்டபத்துக்குக் கட்டிய ரசீது, இங்கிருந்து உறவினர்கள் ஊருக்குப் போன விமானச் சீட்டுகள். திருமணத்துக்குப் பிறகு நீங்கள் ஊருக்குப் போய்வந்த பயணங்கள், வீட்டுச் செலவுக்கு அனுப்பிய பணம், தினமும் பேசிக்கொண்ட அழைப்புகளின் பட்டியல். இவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒரு பக்கத்தில் உங்கள் கதையைச் சொல்லுங்கள். ஆல்பம் முழுவதையும் கொட்ட வேண்டாம். இரு வீட்டாரும் இருக்கும் பத்துப் பதினைந்து படங்கள், ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, எப்போது என்ற ஒரு வரி, அது போதும்.

நேர்காணலுக்கு அழைத்தால் இருவரையும் தனித்தனியே கேட்கலாம். பதில்களை மனப்பாடம் செய்யாதீர்கள். மாமியாரின் முழுப்பெயர் தெரியவில்லை என்றால் ‘தெரியாது, அத்தை என்றுதான் கூப்பிடுவேன்’ என்று சொல்வதில் தவறில்லை.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், திருமணச் சான்றிதழில் இன்னொரு பெயர். இது பிரச்சினையா?

தமிழர்களின் விண்ணப்பங்களில் நான் மிகவும் கவலைப்படும் இடம் இதுதான். மற்றவர்களுக்குச் சிறு விஷயம். நமக்கு ஒவ்வொரு தாளிலும் தொல்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழில் ‘ஆர். கவிதா’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்து அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். ஆதாரில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு சிலர் அப்பா பெயரை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைச் சேர்த்திருப்பார்கள். சிங்கப்பூர்த் துணையின் அடையாள அட்டையிலோ ‘இன்னாரின் மகன்’ என்ற வடிவம். பிறந்த தேதியும் பள்ளியில் சேர்ப்பதற்காக மாற்றப்பட்டிருக்கலாம். நம் பெயர் வழக்கம் தெரியாத ஒருவர் பார்த்தால் இவை நான்கு வெவ்வேறு ஆட்கள்.

மறுபடி விண்ணப்பிக்கும் முன் பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிடுங்கள். திருத்தக்கூடியவற்றைத் திருத்துங்கள். சார்பதிவாளர் அலுவலகம் கொடுத்த திருமணச் சான்றிதழில் பிழை இருந்தால் அங்கேயே மனுக் கொடுங்கள். திருத்த முடியாதவற்றுக்கு, ‘இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும்’ என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன் எழுதி வாங்குங்கள். விண்ணப்பத்தில் வேறு பெயர்களைக் கேட்கும் இடத்தில் எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். மறைத்ததாகத் தோன்றுவதைவிட அதிகம் எழுதியதாகத் தோன்றுவது மேல்.

தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு அதிகாரபூர்வ ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். நோட்டரி அல்லது அந்த நாட்டுத் தூதரகம் வழியாகச் செய்தது ஏற்கப்படும். மொழிபெயர்ப்பவரிடம் பாஸ்போர்ட்டின் நகலைக் கொடுத்து, அதே எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

கோயிலில் தாலி கட்டினோம். பதிவு செய்யவில்லை.

பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவது கட்டாயம். ஊரில் சட்டப்படி பதிவான திருமணத்தை இங்கே திருமணப் பதிவகத்தில் மறுபடி பதிய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். எங்கே செய்வது என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்.

எனக்கு இது இரண்டாம் திருமணம்.

முதல் திருமணம் முடிந்ததற்கான நீதிமன்றத் தாள் இல்லாமல் விண்ணப்பிக்காதீர்கள். சிங்கப்பூரில் இடைக்காலத் தீர்ப்பு வந்ததோடு விவாகரத்து முடிந்துவிடுவதில்லை. குறைந்தது மூன்று மாதம் கழித்து இறுதித் தீர்ப்பு வாங்க வேண்டும். அதற்கு முன் ஊருக்குப் போய்த் தாலி கட்டினால் அந்தத் திருமணமே செல்லாது. ஊரில் பஞ்சாயத்துப் பேசிப் பத்திரத்தில் எழுதிப் பிரிந்தவர்களுக்கும் இதே சிக்கல். அந்தப் பத்திரத்தை வைத்து இங்கே எதையும் நிரூபிப்பது கடினம். குடும்ப நீதிமன்றத்தில் முறையான தீர்ப்பு வாங்கிய பிறகு வாருங்கள்.

என் கணவர் முன்பு இங்கே ஒர்க் பர்மிட்டில் இருந்தார். அதனால்தான் மறுத்தார்களா?

இருக்கலாம். ஒர்க் பர்மிட்டில் இருப்பவர், முன்பு இருந்தவர், இருவருமே சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ திருமணம் செய்ய மனிதவள அமைச்சின் முன் அனுமதி பெற வேண்டும். இந்தியாவில் போய்க் கல்யாணம் செய்தாலும் இதே விதிதான். ‘பர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார், இனி அனுமதி எதற்கு’ என்று நினைத்துச் செய்தவர்கள் பலர். அனுமதியில்லாமல் செய்தால் பர்மிட் ரத்தாகலாம், மறுபடி நுழையவே தடை விதிக்கப்படலாம்.

இன்னும் திருமணம் ஆகவில்லை என்றால் முதலில் அமைச்சிடம் விண்ணப்பியுங்கள். ஆகிவிட்டது என்றால், நடந்ததை நடந்தபடி அமைச்சுக்கும் ஆணையத்துக்கும் எழுதுங்கள். தடை இருக்கிறதா என்று தெளிவாகும் முன் எல்டிவிபிக்குத் திரும்பத் திரும்ப விண்ணப்பிப்பதால் எதுவும் நகராது. இந்த நிலையில் இருப்பவர்கள் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால் ‘புரோ போனோ எஸ்ஜி’ நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் பதிவு செய்யலாம்.

பத்து வருஷம் முன்னால் ஓவர்ஸ்டே. அதைச் சொல்லத்தான் வேண்டுமா? முந்தைய மறுப்பையும் சொல்ல வேண்டுமா?

கேட்கும் இடத்திலெல்லாம் சொல்லுங்கள். மறுத்ததே அவர்கள்தான், அவர்களிடம் பதிவு இருக்கிறது. 2016 முதல் சோதனைச்சாவடிகளில் வருகையாளர்களின் கட்டைவிரல் ரேகையும் எடுக்கப்படுகிறது. புது பாஸ்போர்ட், புது எழுத்துக்கூட்டல் எதுவும் பழையதை மறைக்காது. பொய்த் தகவல் கொடுத்தால் 4,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். பழைய தவற்றைக் காலம் ஓரளவு ஆற்றும். இப்போது சொல்லும் பொய்யோ புதுக் குற்றமாகப் பதிவாகும்.

ஓவர்ஸ்டே, சிறு வழக்கு, பழைய அபராதம் எதுவானாலும் என்ன நடந்தது, என்ன தண்டனை, அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார் என்று ஒரு பத்தி எழுதுங்கள். தீர்ப்பு நகல், ஊரில் காவல்துறை கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் இரண்டையும் இணையுங்கள். ஸ்பான்சர் செய்பவரின் பதிவையும் பார்ப்பார்கள் என்பதை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள்.

பதில் வரும்வரை அவர் இங்கே வந்து தங்கலாமா?

குறுகியகால வருகையாளராக வரலாம். இந்தியர்களுக்கு விசா வேண்டும். இலங்கையர்களுக்கும் மலேசியர்களுக்கும் வேண்டாம். வந்த பிறகு தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கலாம், நுழைந்த நாளிலிருந்து அதிகபட்சம் 89 நாள் வரை. கொடுப்பதும் மறுப்பதும் ஆணையத்தின் கையில்.

எல்டிவிபி விண்ணப்பம் நிலுவையில் இருப்பது தங்குவதற்கான அனுமதியாகாது. கொடுத்த தேதிக்குள் கிளம்பிவிடுங்கள். ஒரு நாள் கூடினாலும் குற்றம்தான். 90 நாளைத் தாண்டினால் ஆண்களுக்குச் சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படி. வருகையாளராக இருக்கும்போது உறவினர் கடையில் ‘சும்மா கூடமாட’ உதவி செய்வதும் வேண்டாம். எல்டிவிபி கிடைத்த பிறகு, மனிதவள அமைச்சின் இசைவுக் கடிதத்தோடு முறையாக வேலை செய்யலாம்.

இன்னும் கல்யாணம் ஆகவில்லை. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, இதைப் பலரும் தெரிந்துகொள்ளாமலே மண்டபம் பிடித்துவிடுகிறார்கள். குடிமகனோ குடிமகளோ வெளிநாட்டவரை மணக்கும் முன் ‘திருமணத்துக்கு முந்தைய மதிப்பீடு’ கேட்கலாம். 2015 ஜனவரியில் தொடங்கியது. இருவரும் வருமானம், படிப்பு, முந்தைய திருமணம், குற்றப் பதிவு ஆகியவற்றை அறிவிக்க வேண்டும். ஒருவர் அறிவித்ததை மற்றவரும் தெரிந்துகொள்ள வேண்டும். தகுதி இருந்தால் அதற்கான கடிதம் கிடைக்கும். அது ஓராண்டு செல்லும். அதற்குள் திருமணம் செய்து விண்ணப்பித்தால் முடிவும் விரைவில் வரும். கடிதம் கிடைக்கவில்லை என்றால் திருமணம் செய்யக்கூடாது என்று பொருளில்லை. ஆனால் சேர்ந்து இங்கே வாழ முடியுமா என்ற கேள்வியை இரு வீட்டாரும் பத்திரிகை அடிக்கும் முன்பே பேசிவிடலாம். கணவன் இங்கே, மனைவி ஊரில் என்று ஆண்டுகள் ஓடும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சின் அருமை தெரியும். பெண் வீட்டார் இதைக் கேட்பதில் கூச்சப்படவே கூடாது.

எம்பியிடம் போனால் கிடைக்குமா? ஏஜென்ட்?

மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் தொகுதி எம்பியைப் பார்க்கலாம். அவர் ஆணையத்துக்குக் கடிதம் எழுதுவார். முடிவு ஆணையத்துடையது. மறுப்புக் கடிதம், மாறியவற்றின் பட்டியல், ஆவண நகல்கள் ஆகியவற்றோடு போங்கள். கடிதம் எழுதும் தொண்டூழியரிடம் விஷயத்தை ஐந்து நிமிடத்தில் சொல்ல முடிந்தால் கடிதமும் தெளிவாக இருக்கும்.

படிவம் நிரப்ப உதவி தேவைப்படுபவர் கட்டணம் கொடுத்து உதவி பெறலாம். ‘உள்ளே ஆள் இருக்கு, கண்டிப்பா வாங்கித் தர்றேன்’ என்பவரிடம் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். அரசாங்க இணையச் சேவைகளில் நுழையப் பயன்படும் சிங்பாஸ் கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள். அதில் நுழைந்து என்ன எழுதினாலும் அது உங்கள் வாக்குமூலம்.

மனைவி ஊரில் கர்ப்பமாக இருக்கிறார். பிள்ளை பிறந்தால் நிலைமை மாறுமா?

மாறும். குடிமகனான தந்தைக்குச் சட்டப்படியான திருமணத்தில் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை, வம்சாவளியால் சிங்கப்பூர்க் குடியுரிமைக்குத் தகுதி பெறலாம். பிறந்து ஓராண்டுக்குள் பதியுங்கள். தாய் மட்டும் குடிமகளாக இருந்தாலும் 2004 மே மாதத்திலிருந்து இது பொருந்தும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர்கள் அவர்களின் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும், மருத்துவமனையில் படிவம் எழுதும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

குடிமகப் பிள்ளை இருக்கும் தம்பதிகளை மனதில் வைத்துத்தான் 2012 ஏப்ரலில் ‘எல்டிவிபி பிளஸ்’ வந்தது. முதலில் மூன்று ஆண்டு வரை, புதுப்பிக்கும்போது ஐந்து ஆண்டு வரை தங்கலாம். பொது மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறக் கட்டணக் கழிவும் உண்டு. பிள்ளை இருப்பதால் மட்டும் அனுமதி உறுதியாகிவிடாது, வருமானமும் பதிவுகளும் அப்போதும் பார்க்கப்படும். பிள்ளையின் குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்ததும், அதை முதல் இணைப்பாக வைத்துப் புதிய விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.